பிட்யூட்டரியில் 5 மில்லிமீட்டர் புள்ளி: அன்றைக்கே யாராவது சொல்லியிருக்க வேண்டியவை

தலைவலிக்காகவோ தலைசுற்றலுக்காகவோ எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். வந்த தொல்லைக்குக் காரணம் எதுவும் அதில் இருக்காது. ஆனால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பத்து வரி எழுதிய பிறகு, ரிப்போர்ட்டின் அடியில் ஒரு வரி உட்கார்ந்திருக்கும்: பிட்யூட்டரி சுரப்பியின் இடப்பக்கத்தில் 5 மில்லிமீட்டர் அளவில் ஒரு புள்ளி, மைக்ரோஅடினோமாவாக இருக்கலாம். அடினோமா என்றால் சுரப்பியில் வரும், புற்றுநோய் அல்லாத கட்டி, 10 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் மைக்ரோ. அந்த ஒரு வரியிலிருந்து வெளியே வர எனக்கு ஒன்றரை வருடம் பிடித்தது. தேவையில்லாத இரண்டு ஸ்கேன், தப்பாகக் கொடுத்து மறுபடி கொடுத்த ரத்த சாம்பிள்கள், வரிசை மாறிப் பார்த்த டாக்டர்கள். ஒழுங்கான வரிசையில் போயிருந்தால் செலவில் பாதிக்கு மேல் மிஞ்சியிருக்கும். என் கதை அவ்வளவுதான், அதை இத்தோடு விட்டுவிடுகிறேன். இந்த வரியோடு இன்று வீட்டுக்குப் போகிறவருக்கு எந்தப் படியில் என்ன கேட்க வேண்டும், எங்கே கால் வழுக்கும் என்பதுதான் இனி.

முதல் இரவு மோசமாகத்தான் இருக்கும், அதை மறைத்துப் பயனில்லை. 'கட்டி' என்ற சொல்லைப் படித்ததும் மற்ற எல்லாச் சொல்லும் மங்கிவிடும். தூக்கம் வராமல் இணையத்தில் தேடினால், கண் போனவர்கள், இரண்டு முறை ஆபரேஷன் ஆனவர்கள் எழுதியதெல்லாம்தான் முதலில் வரும். புள்ளியோடு நிம்மதியாக வாழ்கிறவர்கள் எழுத மாட்டார்கள், முக்கால்வாசிப் பேருக்கு அது இருப்பதே தெரியாது. அந்த இரவிலேயே வீட்டில் "மூளையில் கட்டி" என்று சொல்லிவிடவும் வேண்டாம், பிறகு அந்த வார்த்தையைத் திரும்ப வாங்கவே முடியாது. பிட்யூட்டரி மூளைக்குள் இல்லை. மூளைக்குக் கீழே, மூக்குக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் சேணம் போல் குழிந்த ஒரு சின்ன எலும்புக் கிண்ணத்தில் உட்கார்ந்திருக்கிறது. பட்டாணி அளவு, சுமார் அரை கிராம் எடை, ஹார்மோன்களைச் சுரந்து மற்றச் சுரப்பிகளை வேலை வாங்குவது இதுதான். மேலே இரண்டு கண் நரம்புகளும் ஒன்றையொன்று குறுக்கே கடக்கும் இடம். இரண்டு பக்கமும் கழுத்திலிருந்து ஏறி வரும் பெரிய ரத்தக் குழாய்கள். பின்னால் வரும் எல்லாப் பிரச்சினைகளையும் புரிந்துகொள்ள இந்தப் படம் போதும்.

இப்போது எண்ணிக்கைக்கு வருவோம், பயத்தைக் குறைக்கும் மருந்து இதில்தான் இருக்கிறது. 1936-ல் கோஸ்டெல்லோ என்ற மருத்துவர், பிரேதப் பரிசோதனையில் கிடைத்த 1000 பிட்யூட்டரி சுரப்பிகளை நுண்ணோக்கியில் பார்த்தார். உயிரோடு இருந்தபோது பிட்யூட்டரி நோய் என்று யாரும் சந்தேகித்தவர்கள் அல்ல. அவற்றில் 225-ல் சிறு அடினோமா இருந்தது. 1994-ல் எந்தக் குறையும் இல்லாத 100 பேரைத் தேர்ந்தெடுத்து எம்.ஆர்.ஐ. எடுத்தபோது, 10 பேருக்கு அடினோமா போன்ற புள்ளி தெரிந்தது. 2004-ல் எஸ்ஸாட் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துக் கணக்குப் போட்டார்கள்: பிரேதப் பரிசோதனையில் 14.4 சதவீதம், ஸ்கேனில் 22.5 சதவீதம், இரண்டும் சேர்த்து 16.7 சதவீதம். ஆறு பேர் நிற்கும் வரிசையில் ஒருவருக்கு. கண்டுபிடிப்பு தற்செயலாக நடப்பதால் ஆங்கில மருத்துவ எழுத்தில் இதற்கு 'இன்சிடெண்டலோமா' என்று பாதி வேடிக்கையாகப் பெயரே வைத்துவிட்டார்கள். உங்கள் ரிப்போர்ட்டிலும் அந்தச் சொல் வரலாம்.

இன்னொரு பக்கம், பிட்யூட்டரி கட்டியால் உண்மையிலேயே நோயாளியானவர்கள் எத்தனை பேர்? பெல்ஜியத்தின் லீஜ் மாகாணத்தில் சுமார் 72,000 பேர் வாழும் பகுதிகளில், டாக்டர்களின் பதிவேடுகளை எல்லாம் அலசித் தேடி, 2006-ல் முடிவு வெளியிட்டார்கள். மொத்தம் 68 பேர், அதாவது 1064 பேருக்கு ஒருவர். அதுவரை நினைத்திருந்ததைப் போல மூன்றரை முதல் ஐந்து மடங்கு இது என்பதால் பெரிய பேச்சானது. இங்கிலாந்தின் பான்பரியில் 2010-ல் வந்த கணக்கு லட்சத்துக்கு 77.6. மால்டாவில் லட்சத்துக்குச் சுமார் 76. ஐஸ்லாந்தில் 2012-ம் ஆண்டுக் கணக்கில் 115. புதிதாகக் கண்டுபிடிக்கப்படுகிறவர்கள் என்று பார்த்தால் வடக்கு ஃபின்லாந்திலும் மேற்கு ஸ்வீடனிலும் ஆண்டுக்கு லட்சத்தில் சுமார் 4 பேர்தான். இரண்டு கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். லட்சம் பேரில் ஸ்கேனிலோ நுண்ணோக்கியிலோ புள்ளி தெரியக்கூடியவர்கள் பதினாறாயிரத்துக்கு மேல். அதனால் சிகிச்சை வரை போனவர்கள் நூறுக்கு முன்னே பின்னே. நூற்றைம்பது புள்ளிக்கு ஒரு நோயாளி என்ற விகிதத்தில் வருகிறது.

ஆனால் இந்த விகிதத்தை அப்படியே உங்கள் தலையில் போட்டுக்கொள்ளவும் கூடாது. பிரேதப் பரிசோதனையில் பார்த்தவற்றில் ஏறக்குறைய எல்லாமே 10 மில்லிமீட்டருக்குக் குறைவு, பெரும்பாலும் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். உங்கள் புள்ளி 14 மில்லிமீட்டர் என்றால் அந்த நிம்மதியான கூட்டத்தில் நீங்கள் இல்லை. மாதவிடாய் நின்று போனதற்காக ஸ்கேன் எடுத்திருந்தாலும் அந்தக் கணக்கு பொருந்தாது, அறிகுறிதானே உங்களை ஸ்கேனுக்குக் கொண்டுவந்தது. எதற்காக ஸ்கேன் எடுத்தீர்கள், அளவு என்ன என்ற இரண்டையும் சொல்லாமல் "இது சாதாரணமா டாக்டர்?" என்று கேட்டால், யாராலும் சரியான பதில் சொல்ல முடியாது.

லீஜ் கணக்கில் அந்த 68 பேர் எப்படிப் பிரிந்தார்கள் என்பதும் பயன்படும். 45 பேருக்கு ப்ரோலாக்டின், அதாவது தாய்ப்பால் சுரக்க வைக்கும் ஹார்மோன், சுரக்கும் கட்டி. 10 பேருக்கு எதையும் சுரக்காமல் வெறுமனே வளரும் கட்டி. 9 பேருக்கு வளர்ச்சி ஹார்மோன் சுரக்கும் கட்டி, அதாவது அக்ரோமெகாலி. 4 பேருக்குக் கார்டிசோலை (அட்ரினல் சுரப்பி சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோன்) ஏற்றும் குஷிங் நோய். மூன்றில் இரண்டு பங்கு ப்ரோலாக்டின் வகை, அதற்கு மாத்திரையே முதல் வைத்தியமாகப் பலருக்குப் போதும். பிட்யூட்டரி என்றாலே ஆபரேஷன் என்ற பயத்துக்கு இந்த ஒரு கணக்கே பதில். பிட்யூட்டரியில் புற்றுநோய் என்பது ஆயிரம் கட்டியில் ஒன்றோ இரண்டோ.

அந்த இடத்தில் தெரிகிற எல்லாமே அடினோமாவும் இல்லை. கருவில் சுரப்பி உருவானபோது மூடாமல் விட்டுப்போன ஒரு பிளவில் நீர் கோத்து நிற்பது ராத்கே நீர்க்கட்டி, பிரேதப் பரிசோதனைகளில் நூற்றில் பத்துக்கும் மேற்பட்டவர்களுக்கு இருக்கிறது, பெரும்பாலும் சும்மா கிடக்கும். 'எம்ப்டி செல்லா' என்று எழுதியிருந்தால் சுரப்பி காணாமல் போனதாகப் பதற வேண்டாம். மேலிருந்து மூளைத் தண்டுவட நீர் கிண்ணத்துக்குள் இறங்கி, சுரப்பியைத் தட்டையாக அடியில் ஒட்ட வைத்திருக்கிறது, அவ்வளவுதான். ஒரு முறை ஹார்மோன் பார்த்துக்கொள்வது நல்லது. கிரானியோஃபேரிஞ்சியோமா வேறு ரகம். பத்து லட்சம் பேரில் ஆண்டுக்கு ஒருவர், இருவர் என்ற அளவில் அபூர்வம். 5 முதல் 14 வயதில் ஒரு முறை, ஐம்பதைத் தாண்டி இன்னொரு முறை என இரண்டு வயதுக் கட்டங்களில் கூடும். புற்றுநோய் இல்லையென்றாலும் ஹார்மோன், கண் என்று எல்லாவற்றையும் பிடித்து இழுக்கும், இதில் காத்திருந்து பார்க்கலாம் என்ற பேச்சு சரிப்படாது. கட்டியே இல்லாமல் சுரப்பி வீங்குவதும் உண்டு: பருவ வயதுப் பெண்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் சுரப்பி மேல்பக்கம் உப்பித் தெரிவது இயல்பு. வைத்தியம் செய்யாத தைராய்டு குறைபாட்டில் பிட்யூட்டரி கட்டி போலவே பருத்து, தைராக்ஸின் சாப்பிட்டதும் சில மாதங்களில் தானே சுருங்கிவிடும். டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) பார்க்காமல் அதை வெட்டப் போன சம்பவங்கள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

பெரும்பாலோர் சறுக்கும் முதல் இடம் அடுத்த ஸ்கேன். பயத்தில் இரண்டு வாரத்துக்குள் இன்னொரு இடத்தில், இன்னொரு தடவை முழு மூளை எம்.ஆர்.ஐ. எடுப்பார்கள். பணம் போகும், தெளிவு வராது. முழு மூளை ஸ்கேனில் துண்டுகள் சுமார் 5 மில்லிமீட்டர் தடிமனில் விழும். தேடுகிற புள்ளியே 5 மில்லிமீட்டர் என்றால் அது ஒரு துண்டில் பாதி, அடுத்ததில் பாதி என்று மாட்டும், இல்லாமலும் போகும். இரண்டாவது ஸ்கேன் எடுத்தே ஆக வேண்டுமென்றால் சீட்டில் 'பிட்யூட்டரி புரோட்டோகால், டைனமிக் கான்ட்ராஸ்ட்' என்று டாக்டர் கையால் எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். துண்டு 3 மில்லிமீட்டரோ அதற்கும் குறைவாகவோ, முன்பின் வாட்டிலும் பக்கவாட்டிலும் எடுத்திருக்க வேண்டும். நல்ல சுரப்பி கான்ட்ராஸ்டை, அதாவது ஊசியில் ஏற்றும் மருந்தை, சட்டென்று உறிஞ்சி வெளுக்கும், அடினோமா மெதுவாக உறிஞ்சுவதால் முதல் சில நொடிகளுக்குக் கறுப்பாகத் தங்கும். அந்த நொடிகளைப் பிடிப்பதற்குத்தான் டைனமிக். கொஞ்சம் தாமதித்து எடுத்தால் இரண்டும் ஒரே நிறமாகி, இருந்த புள்ளி மாயமாகிவிடும். கான்ட்ராஸ்ட் போடும் முன் சிறுநீரக ரத்தப் பரிசோதனை வேண்டும், கர்ப்பம் என்றால் கான்ட்ராஸ்ட் தவிர்ப்பார்கள். சி.டி. ஸ்கேனில் இந்த அளவுப் புள்ளி பெரும்பாலும் தெரியாது. அதை வைத்து "ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் மகிழ்ந்துவிட வேண்டாம்.

இரண்டாவது சறுக்கல், யாரிடம் முதலில் போவது. தலை என்றதும் நேராக நியூரோ சர்ஜனிடம் ஓடுவோம். பார்வை மங்கல், இரட்டைப் பார்வை, தாங்க முடியாத திடீர்த் தலைவலி இருந்தால் அப்படித்தான் ஓட வேண்டும், நேரம் பார்க்கக் கூடாது. அதெல்லாம் இல்லாதபோது முதலில் பார்க்க வேண்டியவர் எண்டோகிரினாலஜிஸ்ட், பேச்சு வழக்கில் ஹார்மோன் டாக்டர். கேள்விகள் மூன்றே மூன்று: சுரக்கிறதா, அழுத்துகிறதா, வளர்கிறதா? முதல் கேள்விக்கு ரத்தம் பதில் சொல்லும், இரண்டாவதற்கு ஸ்கேனும் கண் பரிசோதனையும், மூன்றாவதற்குக் காலம் மட்டும்தான். காலம் சொல்ல வேண்டிய பதிலைப் பணம் கொடுத்து இன்றே வாங்கப் பார்ப்பதில்தான் பெரும்பாலான செலவு நடக்கிறது.

ரத்தப் பரிசோதனையில் ப்ரோலாக்டின் முதலில். இதைக் கெடுப்பது ரொம்பச் சுலபம். மாடி ஏறி ஓடி வந்து உட்கார்ந்ததும் ஊசி குத்தினால் கூடும், இரண்டு மூன்று இடத்தில் குத்திக் குத்தி நரம்பு தேடினாலும் கூடும். அரை மணி நேரம் அமைதியாக உட்கார்ந்த பிறகு கொடுங்கள். அதைவிட முக்கியம், கையில் இருக்கும் மாத்திரைகள். டோம்பெரிடோன், மெட்டோகுளோப்ரமைட், லெவோசல்பிரைடு மூன்றும் ப்ரோலாக்டினை நன்றாக ஏற்றும். வாந்திக்கும் வயிற்று உப்புசத்துக்கும் கொடுக்கும் மாத்திரைகள் இவை. நெஞ்செரிச்சல் கூட்டு மாத்திரையில் இரண்டாவது மருந்தாகவும் ஒளிந்திருக்கும், அட்டையின் பின்பக்கச் சின்ன எழுத்தைப் படித்தால்தான் தெரியும். மனநல மருந்துகளில் ரிஸ்பெரிடோன் பேர்போனது. டாக்டர் சம்மதித்தால் மருந்தை மூன்று நாள் நிறுத்தி மறுபடி பார்க்கலாம், ஆனால் மனநல மருந்தைத் தானாக நிறுத்தும் வேலையே கூடாது. கர்ப்பம், தைராய்டு குறைவு, சிறுநீரகக் கோளாறு ஆகியவையும் ஏற்றும்.

எண் வந்ததும் அதைக் கட்டியின் அளவோடு சேர்த்துப் படிக்க வேண்டும், தனியாகப் படித்தால் ஏமாறுவோம். பெண்களுக்குச் சுமார் 25, ஆண்களுக்குச் சுமார் 20, மில்லிலிட்டருக்கு இத்தனை நானோகிராம் வரை சாதாரணம் என்று வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் லேபின் எல்லை அச்சிலேயே இருக்கும். 200-க்கு மேல் போனால் அநேகமாகப் பெரிய ப்ரோலாக்டின் கட்டி. சிக்கல் வருவது நடுவில். கட்டி 25 மில்லிமீட்டர், ப்ரோலாக்டின் 60 என்று வந்தால், கட்டி ப்ரோலாக்டின் சுரப்பதில்லை, சுரப்பியை மூளையோடு இணைக்கும் காம்பை நசுக்குகிறது, அதனால் கொஞ்சம் ஏறியிருக்கிறது என்றுதான் முதலில் நினைக்க வேண்டும். இதற்கு மாத்திரை கொடுத்தால் எண் இறங்கும், கட்டி பாட்டுக்கு வளரும். இதிலேயே இன்னொரு குழி உண்டு. ப்ரோலாக்டின் பல்லாயிரக்கணக்கில் இருந்தால் லேபின் இயந்திரம் திணறி, 60, 80 என்று பொய்யான சின்ன எண்ணைத் துப்பும். 'ஹூக் எஃபெக்ட்' என்பார்கள். அதே சாம்பிளை நூறு மடங்கு நீர்க்க வைத்து மறுபடி ஓட்டினால் உண்மை வெளிவரும். கட்டி பெரிது, எண் சின்னது என்றால் "டைல்யூட் பண்ணிப் பார்த்தாச்சா?" என்று கேளுங்கள். இந்த ஒரு கேள்வியால் ஒரு ஆபரேஷன் மாத்திரையாக மாறியிருக்கிறது. நேர் எதிர்க் குழப்பம் மேக்ரோப்ரோலாக்டின்: எண் கூடுதல், ஆனால் அறிகுறி ஒன்றும் இல்லை. ப்ரோலாக்டின் ஆன்டிபாடியோடு ஒட்டிக்கொண்டு பெரிய உருண்டையாக, வேலை செய்யாமல் ரத்தத்தில் சுற்றும். லேபில் பி.இ.ஜி. என்ற வேதிப்பொருளைப் போட்டு வீழ்படிவாக்கினால் தெரிந்துவிடும். இதைப் பார்க்காமல் வருடக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் இருக்கிறார்கள்.

தைராய்டில் டி.எஸ்.எச். மட்டும் பார்த்து "நார்மல்" என்று சொன்னால் ஏற்காதீர்கள். டி.எஸ்.எச். சுரப்பதே பிட்யூட்டரிதான். அது சோர்ந்து போனால் டி.எஸ்.எச். நார்மலாகவே காட்டும், கூடவே தைராய்டு சுரக்கும் ஹார்மோனான ஃப்ரீ டி4 குறைந்திருக்கும். இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் பிடிபடும். கார்டிசோலைக் காலை எட்டு மணிக்குப் பாருங்கள். டெசிலிட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்கு மேல் என்றால் பெரும்பாலும் கவலையில்லை, 3-க்குக் கீழே என்றால் குறைபாடு, நடுவில் என்றால் ஊசி போட்டுத் தூண்டிப் பார்க்கும் பரிசோதனை. ஆஸ்துமா இன்ஹேலர், தோல் களிம்பு, மூட்டில் போட்ட ஸ்டீராய்டு ஊசி எல்லாமே கார்டிசோலைக் கீழே தள்ளும், சொல்ல மறக்காதீர்கள். கார்டிசோலும் ஃப்ரீ டி4-ம் இரண்டுமே குறைவு என்று வந்தால் ஸ்டீராய்டைத்தான் முதலில் தொடங்க வேண்டும். தைராக்ஸினை முதலில் கொடுத்தால் இருக்கிற கொஞ்சம் கார்டிசோலும் வேகமாகச் செலவாகி ஆள் சரிந்துவிடுவார். மாத்திரைச் சீட்டில் வரிசை மாறியிருந்தால் அங்கேயே நின்று கேளுங்கள்.

குஷிங் சந்தேகம் என்றால் இரவு 11 மணிக்கு மேல், 12-க்குள் ஒரு மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையை விழுங்கி, மறுநாள் காலை எட்டுக்கு ரத்தம். கார்டிசோல் 1.8-க்குக் கீழே இறங்க வேண்டும். சாப்பாட்டோடு சேர்த்து எட்டு மணிக்கே விழுங்கிவிட்டால் பரிசோதனை வீண். கருத்தடை மாத்திரை எடுப்பவர்களுக்கு இது பொய்யாகக் கூடுதல் காட்டும், ஆறு வாரம் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும், அல்லது நள்ளிரவு உமிழ்நீர்க் கார்டிசோலைப் பார்க்கலாம். வளர்ச்சி ஹார்மோனுக்கு, அது தூண்டி ரத்தத்தில் சேரும் ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருளைப் பாருங்கள். வளர்ச்சி ஹார்மோனை நேரடியாக ஒரு தடவை அளந்து பயனில்லை, அது மணிக்கு மணி ஏறி இறங்கும். ஐ.ஜி.எஃப்-1 எல்லை வயதுக்கு வயது மாறும், உங்கள் வயதுக்கான எல்லை ரிப்போர்ட்டில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இவை எல்லாவற்றையும் ஒரே அடியில் கெடுப்பது பயோட்டின், முடிக்கும் நகத்துக்கும் என்று வாங்கிச் சாப்பிடும் அந்த மாத்திரை. பல லேப் இயந்திரங்கள் பயோட்டின் பிடிமானத்தை வைத்தே அளப்பதால், சில ஹார்மோன்கள் பொய்யாகக் குறைந்தும் சில பொய்யாகக் கூடியும் வரும். ரத்தம் கொடுப்பதற்குக் குறைந்தது மூன்று நாள் முன்பே நிறுத்துங்கள்.

கண் விஷயத்தில், புள்ளி கிண்ணத்துக்குள்ளேயே அடங்கி, மேலே கண் நரம்பைத் தொடவில்லை என்றால் அவசரமாகப் பெரிமெட்ரி, அதாவது பார்வை எவ்வளவு அகலம் எட்டுகிறது என்று அளக்கும் பரிசோதனை, எடுக்கத் தேவையில்லை. தொட்டால் கட்டாயம். கண் நரம்பின் நடுவை அழுத்தும்போது இரண்டு கண்ணிலும் வெளிப்பக்கப் பார்வைதான் முதலில் தேயும். ஆனால் நேரே வைத்த எழுத்துப் பலகையைக் கடைசி வரி வரை படிப்பார்கள். அதனால் கண்ணாடிக் கடையில் தேறிவிடுவார்கள். கதவு நிலையில் தோள் இடிப்பது, பக்கத்திலிருந்து வரும் ஆள் திடீரென்று முளைத்தது போல் தோன்றுவது, வண்டி ஓட்டும்போது ஓரம் கண்ணில் படாமல் போவது போன்றவைதான் அறிகுறி. ஒரு வருடத்தில் இரண்டு முறை கண்ணாடி மாற்றியும் தீரவில்லை என்றால் பெரிமெட்ரியைக் கேட்டு வாங்குங்கள். முதல் தடவை எடுக்கும்போது பட்டனை அமுக்கப் பழகாமல் தப்பு விழும், இரண்டாவதுதான் நம்பகமானது. காலையில், தூக்கக் கலக்கம் இல்லாதபோது போங்கள்.

புள்ளி தெரிந்து பயந்தவர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் பாடு இன்னும் மோசம். அக்ரோமெகாலி தொடங்கிக் கண்டுபிடிக்கப்படுவதற்குள் ஐந்து முதல் பத்து வருடம் ஓடிவிடுகிறது. மோதிரம் இறுகும், செருப்பு அளவு ஏறும், பல்லுக்கு நடுவில் இடைவெளி விழும், குறட்டை, கையில் மரமரப்பு, புதிதாகச் சர்க்கரை, ரத்த அழுத்தம் வரும். ஒவ்வொன்றுக்கும் ஒரு டாக்டர், ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு. தினமும் பார்க்கும் வீட்டாருக்கு முகம் மாறியதே தெரியாது. ஐந்து வருட இடைவெளியில் எடுத்த நாலு புகைப்படத்தைக் கொண்டுபோய் மேசையில் வரிசையாக வைத்தால், ஹார்மோன் டாக்டருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். ஆண்களுக்கு ப்ரோலாக்டின் கட்டி பெரும்பாலும் பெரிதான பிறகுதான் பிடிபடுகிறது. பெண்களுக்கு மாதவிடாய் நின்று எச்சரிக்கும். ஆண்களுக்கு வரும் ஆசைக் குறைவை வயது, வேலை அழுத்தம் என்று யாரிடமும் சொல்லாமல் மூடி வைப்பதால் வருடங்கள் போகின்றன. குஷிங்கில், தரையில் உட்கார்ந்தவர் கையை ஊன்றாமல் எழ முடியாமல் போவதும், வயிற்றில் ஒரு விரல் அகலத்துக்கு ஊதா நிறக் கோடுகள் விழுவதும் சாதாரண உடல் பருமனிலிருந்து பிரித்துக் காட்டும்.

வைத்தியம் தேவைப்பட்டால் ப்ரோலாக்டின் வகைக்குக் கேபர்கோலின் மாத்திரை. பொதுவாக வாரத்துக்கு இரண்டு முறை 0.25 மில்லிகிராமில் தொடங்குவார்கள். தினமும் இல்லை, வாரத்துக்கு இரண்டு நாள். இதைத் தப்பாகப் படித்துத் தினம் சாப்பிட்டவர்கள் உண்டு. இரவில், சாப்பாட்டோடு, படுக்கப் போகும் முன் எடுத்தால் குமட்டலும் தலைசுற்றலும் தூக்கத்திலேயே கழிந்துவிடும். காலையில் சட்டென்று எழ வேண்டாம். ஒரு மாதம் கழித்து ப்ரோலாக்டின் பார்ப்பார்கள். மாதவிடாய் திரும்பும் முன்பே கருமுட்டை வெளியாகலாம் என்பதால், குழந்தை இப்போது வேண்டாம் என்பவர்கள் முதல் மாத்திரையிலிருந்தே பாதுகாப்பு தேட வேண்டும். இதைச் சீட்டில் யாரும் எழுதுவதில்லை. அபூர்வமாகச் சிலருக்குச் சூதாட்டம், அளவு மீறிய செலவு, கட்டுப்படாத ஆசை என்று குணம் மாறும். அது மருந்தால் வருவது என்று வீட்டில் ஒருவருக்காவது தெரிந்திருக்கட்டும்.

ஆபரேஷன் என்றால் இப்போது பெரும்பாலும் மூக்கு வழியாக, எண்டோஸ்கோப்பில். சர்ஜனிடம் கூச்சப்படாமல் கேட்க வேண்டியது, வருடத்துக்கு எத்தனை பிட்யூட்டரி ஆபரேஷன் செய்கிறீர்கள் என்பது. இந்த வேலையில் எண்ணிக்கைதான் கைத்திறன். முடிந்த பிறகு சில வாரங்களுக்கு மூக்குச் சிந்தக் கூடாது, தும்மல் வந்தால் வாயைத் திறந்து தும்ம வேண்டும், மலச்சிக்கலில் முக்கக் கூடாது. குனியும்போது மூக்கிலிருந்து தண்ணீர் போல் சொட்டினாலோ, தொண்டையில் உப்பு நீர் இறங்கினாலோ சளி என்று விடாதீர்கள், மூளை நீர் கசிகிறது, அன்றைக்கே போக வேண்டும். முதல் சில நாட்களில் சிறுநீர் குடம் குடமாகப் போகலாம், மணிக்கு 250 மில்லியைத் தாண்டி இரண்டு மூன்று மணி நேரம் தொடர்ந்தால் சொல்லியாக வேண்டும். அதைவிட ஆளை ஏமாற்றுவது அதற்கு அடுத்து வருவது. வீட்டுக்கு அனுப்பிய பிறகு, ஏழாம் நாள் வாக்கில், ரத்தத்தில் சோடியம் திடீரென்று இறங்கும். தலைவலி, குமட்டல், மந்தம். ஆபரேஷன் அசதி என்று நினைத்துத் தண்ணீரும் இளநீருமாகக் கொடுப்பார்கள், அது இன்னும் இறக்கும். ஐந்திலிருந்து ஏழாம் நாளுக்குள் ஒரு சோடியம் பரிசோதனைக்குச் சீட்டை வீட்டுக்குக் கிளம்பும் முன்பே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மாத்திரையில் வந்தவர்கள் காய்ச்சலில் அளவை இரட்டிப்பாக்க வேண்டும், வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஹைட்ரோகார்டிசோன் ஊசி. "எனக்குப் பிட்யூட்டரி குறைபாடு, ஸ்டீராய்டு நிறுத்தக் கூடாது" என்று எழுதிய அட்டை பர்ஸில் இருக்க வேண்டும், செல்போனில் இருந்து பயனில்லை, மயங்கிக் கிடக்கும்போது பூட்டைத் திறப்பது யார்?

பயாப்சி ரிப்போர்ட்டில் 'அடினோமா' என்று இல்லாமல் 'பிட்யூட்டரி நியூரோஎண்டோகிரைன் ட்யூமர்' என்று இருந்தால் நோய் முற்றிவிட்டது என்று அர்த்தமில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2022 வகைப்பாட்டில் பெயரை மாற்றினார்கள், அவ்வளவுதான். கூடவே நோய்க் குறியீட்டின் கடைசி எண்ணும் 0-விலிருந்து 3 ஆனது. காப்பீட்டுக்காரர்கள் அந்த 3-ஐப் பார்த்துப் புற்றுநோய் என்று படிக்க வாய்ப்பிருக்கிறது, டாக்டரிடம் ஒரு வரி விளக்கம் எழுதி வாங்கி அதே கோப்பில் செருகி வையுங்கள்.

சுரக்கவில்லை, அழுத்தவில்லை என்று தெரிந்துவிட்டால் மிச்சம் காத்திருப்பு மட்டுமே. 10 மில்லிமீட்டருக்குக் குறைவான புள்ளிகளில் நூற்றில் பத்து வளரும், அதற்கு மேற்பட்டவற்றில் இருபதுக்கு மேல். அதனால் சின்னதுக்கு ஒரு வருடம் கழித்து, பெரியதுக்கு ஆறு மாதம் கழித்து முதல் ஸ்கேன். பிறகு சின்னதுக்கு ஒன்று இரண்டு வருடத்துக்கு ஒருமுறை, பெரியதுக்கு வருடா வருடம் என்று மூன்று வருடம் பார்த்துவிட்டு இடைவெளியை நீட்டுவார்கள். ஒவ்வொரு முறையும் அதே இடத்தில், அதே புரோட்டோகாலில். ரிப்போர்ட் தாளை விட முக்கியம் ஸ்கேன் படங்கள் பதிந்த குறுந்தகடு, பழைய குறுந்தகட்டைக் கையில் கொடுத்து "இதோடு ஒப்பிட்டு எழுதுங்கள்" என்று கவுண்டரிலேயே சொல்லுங்கள். ஒப்பிடாமல் எழுதிய அடுத்த ரிப்போர்ட்டில் 5 மில்லிமீட்டர் 6 ஆகியிருக்கும், நீங்கள் மறுபடி தூங்க மாட்டீர்கள். வேறு ரேடியாலஜிஸ்ட், வேறு துண்டு, அளவுகோலைச் சற்றுச் சாய்த்து வைத்த வேறு கை. ஒரு மில்லிமீட்டர் அதிலேயே வந்துவிடும். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் திறந்து, ஒரே ஆள் ஒரே கோணத்தில் அளந்து சொல்கிற வரைக்கும் அந்த 6-ஐக் கணக்கில் எடுக்காதீர்கள்.